வடிகட்டி எந்த முனையில்?

ஓரியன் நெபுலாவைப் படமெடுப்பவருக்கு எவ்வளவு ஒளி சேர்த்தாலும் போதாது. மணிக்கணக்கில் எடுத்த படங்களை அடுக்கித்தான் அதன் நிறத்தை மீட்க வேண்டும். அதே தொலைநோக்கியைப் பகலில் சூரியன் பக்கம் திருப்பினால் கணக்கு தலைகீழாகிறது. வரும் ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு போதும், மிச்சம் முழுவதையும் தடுத்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சூரிய வடிகட்டியைக் கடைகளும் இணைய அங்காடிகளும் பை, முக்காலி போன்ற துணைப்பொருள்களோடு சேர்த்து விற்கின்றன. என் பார்வையில் அது ஒரு பாதுகாப்புக் கருவி. தலைக்கவசம் வாங்கும்போது தரமுத்திரை தேடும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவும் இங்கும் உண்டு.

விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை என்பதுதான் இதில் மிகக் கொடுமையான உண்மை. கண் எரியும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நட்ட நடுவே ஒரு கரும்புள்ளியோ மங்கலோ தோன்றும். சிலருக்கு அது மாதக்கணக்கில் தேறும், சிலருக்கு நிலைத்துவிடும். நிரூபணமான மருந்து கிடையாது. பகல் வெளிச்சத்தில் கண்மணி ஏறக்குறைய 2 மி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. தொடக்கநிலையாளர் வாங்கும் 70 மி.மீ. தொலைநோக்கி அதைவிட 1,200 மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டுகிறது. ஆகவே வடிகட்டி குழாயின் முன் வாயில், ஒளி குவிவதற்கு முன்பே, இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். மலிவான சில தொலைநோக்கிகளோடு கண்ணருகு வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி ஒன்று தரப்படுகிறது. குவிந்த வெப்பம் முழுவதும் அதன் மேல்தான் விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விட்டால் கண்ணை விலக்க நேரமிருக்காது. அப்படி ஒன்று பெட்டியில் இருந்தால் பயன்படுத்தவே கூடாது. கிரகணக் கண்ணாடிக்கான ஐஎஸ்ஓ 12312-2 தரமும் வெறும் கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே. அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பது பேராபத்து.

‘நான் கேமரா திரையில்தான் பார்க்கிறேன், என் கண்ணுக்கு என்ன?’ என்று படமெடுப்பவர்கள் கேட்பதுண்டு. பாதி சரி. ஆனால் சூரியனைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் அவசரத்தில் கண் தானாகவே குழாயின் மேலுள்ள, வடிகட்டியில்லாத குறிநோக்கிக்குப் போகும். அதைக் கழற்றிவைப்பதோ மூடிவைப்பதோதான் வழி. இன்னொரு சிக்கல் வடிகட்டித் தாள்களில் இருக்கிறது. ஒளி அடர்த்தி 5 என்று, அதாவது லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே விடும் என்று குறித்த தாள் கண்ணால் பார்க்கவும் ஏற்றது. 3.8 என்று குறித்தது படமெடுக்க மட்டுமே. அது முதல் தாளைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடும். இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளித் தாள். அச்சிட்ட எண் இல்லாவிட்டால் வாங்குபவர் பிரித்தறிய வழியே இல்லை.

அந்த எண்ணைக் கேட்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84ஆம் பிரிவு, சரியான பயன்பாட்டு விளக்கமோ தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ போதிய அளவு தராத உற்பத்தியாளரைத் தீங்குக்குப் பொறுப்பாக்குகிறது. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத பொருளானால் 86ஆம் பிரிவு விற்றவரைப் பிடிக்கிறது. சூரியனைப் பார்த்தால் கண் கெடும் என்பது ஊரறிந்ததாயிற்றே என்று விற்பவர் வாதிடலாம். எல்லாரும் அறிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை தேவையில்லை என்று 87ஆம் பிரிவு சொல்வதும் உண்மை. ஆனால் சூரியன் ஆபத்து என்று அறிவது வேறு, ‘சூரிய வடிகட்டி’ என்று பெயரிட்டு விற்ற கண்ணாடி வெடிக்கும் என்று அறிவது வேறு. இரண்டாவதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும் என்பது நியாயமல்ல.

இப்படியெல்லாம் எழுதினால் பெற்றோர் பிள்ளைகளை மறுபடி வீட்டுக்குள் பூட்டிவிடுவார்கள் என்பது அறிவியல் ஆர்வலர்களின் கவலை. கிரகண நாளில் கதவடைக்கும் வழக்கம் இன்னும் மறையாத ஊர்களில் அந்தக் கவலை மெய்யானது. கிரகணத்தன்று சூரியனிலிருந்து புதிதாக எந்த நச்சுக் கதிரும் வருவதில்லை என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தைத் தமிழகத்தில் பலர் தகுந்த கண்ணாடியோடு பாதுகாப்பாகவே பார்த்தார்கள். 2031 மே 21 அன்று மதுரை வழியாக இன்னொரு வளையக் கிரகணம் கடக்கும். தரமான வடிகட்டி எளிதாகக் கிடைத்தால்தான் பிள்ளைகள் அன்று வெளியே வருவார்கள்.

கண் போன பிறகு வழக்கு எதற்கு என்றால், அதனால்தான் பொருள் கைக்கு வந்த உடனே செயல்பட வேண்டும். ரசீது, பெட்டி, விற்பனைப் பக்கத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கீறலோ ஊசித்துளையோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். இணைய அங்காடியின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்து, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. பார்வையில் புள்ளி தெரிந்தால் மட்டும் எதற்கும் காத்திராமல் அன்றே கண் மருத்துவரிடம் போய், எந்த வடிகட்டி வழியாக எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள்.