உங்களுக்கு எத்தனை பாஷை தெரியும்?

யாராவது இப்படிக் கேட்டால் நாம் உடனே விரலை மடக்க ஆரம்பித்து விடுகிறோம், இல்லையா? தமிழ் ஒன்று. இங்கிலீஷ் இரண்டு. சினிமா பார்த்த பலத்தில் ஹிந்தி மூன்று. டீக்கடை நாயர் தயவில் மலையாளம் நாலு. காலேஜில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு ஐந்து. ஒரு கை நிரம்பியதும் நமக்கே நம்மைப் பார்த்து ஒரு மரியாதை வந்து விடுகிறது!

நானும் இப்படி ஐந்து விரலை மடக்கிக் கொண்டு திரிந்தவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுப் பயிற்சிக்கு மனுப் போட்டேன். 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் பிரெஞ்சுக்கு எதிரே, 'நன்றாகத் தெரியும்' என்று எழுதினேன். நேர்முகத்தில் ஓர் அம்மையார் புன்னகையோடு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். என் பெயரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கணீரென்று பெயரைச் சொன்னேன். அவர் கேட்டது, "இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள்?" என்றாம். அந்தப் பயிற்சிக்கு வேறு யாரோ போனார்கள். அதைவிட, அந்த அம்மையார் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக் கொண்டே, "மிக்க நன்றி" என்று இங்கிலீஷுக்கு மாறினாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சென்ற மாதம் ஒரத்தநாட்டுக்குப் போனபோது இந்தப் பழைய புண்ணை மறுபடியும் கிளற நேர்ந்தது. போனது என் கதைக்காக அல்ல. ஒரு ராஜாவின் கதைக்காக.

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஒரத்தநாடு. அங்கே இருக்கிறது முத்தம்பாள் சத்திரம். தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரியவளான முத்தம்பாளின் பெயரால் 1802-ல் கட்டியது. ராமேசுவர யாத்திரிகர்களுக்குச் சோறும் மருந்தும் தங்க இடமும் கொடுத்த சத்திரங்களில் இது ஒன்று. 1799 உடன்படிக்கையில் ராஜ்ய நிர்வாகமே கும்பெனியார் கைக்குப் போய்விட்ட பிறகும், இந்தச் சத்திரங்களை மட்டும் விட்டுக் கொடுக்க மனமில்லாமல் அவர் ரெஸிடெண்டுக்குக் கடிதம் எழுதி மன்றாடினார். சாப்பிட வருகிறவன் மராத்தி பேசுவான், தெலுங்கு பேசுவான், ஹிந்துஸ்தானி பேசும் பைராகியும் வருவான். பசியையும் காய்ச்சலையும் எந்தப் பாஷையில் சொன்னாலும் புரிந்து கொள்ள அங்கே ஆள் வேண்டியிருந்திருக்கும்!

இந்தச் சரபோஜிக்கு எத்தனை பாஷை தெரியும்? அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தமிழ், மராத்தி, தெலுங்கு, சம்ஸ்கிருதம், உருது, இங்கிலீஷ் என்று தொடங்கி பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, டேனிஷ், லத்தீன், கிரேக்கம் என்று ஜாபிதாவை நீட்டிக் கொண்டே போகிறார்கள். கேட்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால், பிரெஞ்சில் சூடு கண்ட பூனையாகிய நான் சற்று நின்று, 'சாட்சி எங்கே?' என்று தேடிப் பார்த்தேன்.

மராத்திக்குச் சாட்சி வேண்டியதில்லை. அது வீட்டுப் பாஷை. பூகோளப் பாடத்தையே குறத்தியின் வாயில் வைத்து 'தேவேந்திர குறவஞ்சி' என்ற நாடகத்தை மராத்தியில் எழுதியவர் அவர். இங்கிலீஷுக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. அவரை வளர்த்து ஆளாக்கிய ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் 1798-ல் காலமானபோது, அவர் கல்லறைக் கல்லுக்கு இங்கிலீஷில் செய்யுள் இயற்றித் தந்தவர் சரபோஜிதான். தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவருக்காக ஒருவன் அந்நிய பாஷையில் அழ முடிந்தால், அந்தப் பாஷை அவனுக்குத் தெரியாது என்று யார் சொல்வது? 1826-ல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபரும், லவாய்ஸியர், லின்னேயஸ், பஃபன் முதலிய விஞ்ஞானிகளைப் பற்றி மன்னர் சரளமாகப் பேசியதைக் கேட்டு வியந்து எழுதி வைத்தார்.

பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் மற்றவற்றுக்கும்? ஸரஸ்வதி மஹால் நூல் நிலையத்தில் அவர் வாங்கிச் சேர்த்த ஐரோப்பியப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பலவற்றில் அவர் கையெழுத்தே இருக்கிறது. அது அறிவுத் தாகத்துக்குப் பெரிய சாட்சி, சந்தேகமில்லை. ஆனால் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது வேறு, அதைப் படிப்பது வேறு, அந்தப் பாஷையில் வாய் திறப்பது வேறு. (என் அலமாரியிலும் ஒரு பிரெஞ்சு அகராதி இருக்கிறது, அதிலும் என் கையெழுத்து இருக்கிறது!) இப்படிச் சொல்வதால் மன்னர் என் கண்ணில் குறைந்து விடவில்லை.

இதே காலத்தில் இத்தாலியில் மெஸ்ஸோஃபாந்தி என்று ஒரு கார்டினல் இருந்தார். இத்தாலியை விட்டு வெளியே போகாமலே உலக பாஷைகளை எல்லாம் பேசுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் 1849-ல் இறந்த பிறகு, சரித்திரம் எழுத வந்த சார்லஸ் ரஸ்ஸல் என்ற பாதிரியார், 'எழுபத்திரண்டு' என்று மொத்தமாகப் போட்டு விடாமல், அவற்றைத் தரம் பிரித்தார். பலர் சோதித்துப் பார்த்தும் பிசகாமல் பேசியவை 30. கடைசி வகுப்பில், புத்தகத்தில் படித்தாரே தவிர பேசி யாரும் கேட்டறியாதவை 14. இறந்தவருக்குப் பிறர் போட்ட கணக்கு! உயிரோடு இருக்கும்போதே நமக்கு நாமே போட்டுக் கொண்டால் என்ன?

அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். கேட்பது, படிப்பது, உரையாடுவது, தொடர்ந்து பேசுவது, எழுதுவது என்று ஐந்துக்கும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கொள்ள வேண்டும். 'தெரியும்' என்று மழுப்ப முடியாது. 'என்னால் இன்னது செய்ய முடியும்' என்றுதான் சொல்லியாக வேண்டும்.

சத்திரத்தைப் பார்த்து விட்டு, பஸ்ஸுக்காகக் காத்திருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் ஐந்து பாஷைகளுக்கும் இப்படி ஒரு கட்டம் போட்டுக் கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அறுபது வயதுப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, அடங்கல் மாதிரி இருக்கு? எந்த வயல்ல என்ன போட்டிருக்குன்னு எழுதுறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கு எத்தனை பாஷை ஐயா தெரியும்?" என்றேன்.

"எனக்கா? தமிழ் ஒண்ணுதான். நான் என்ன படிச்சவனா?"

பேச்சு வளர்ந்ததில், குவைத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. கட்டத்தில் அவருக்காக ஒரு வரி சேர்த்தேன்.

"அரபி பேசினால் புரியுமா?"

"புரியாம? முதலாளி திட்டுறது மொத வருஷமே புரிஞ்சிடுச்சே!"

"பேசுவீர்களா?"

"சம்பளத்துக்குச் சண்டை போட்டிருக்கேன்."

"படிக்க?"

"நம்பர் படிப்பேன். மருந்துக்கடை போர்டு தெரியும். அவ்வளவுதான்."

"எழுத?"

கையை விரித்தார். ஹிந்தியும் அப்படியே, மலையாளம் இன்னும் மேலே. நான் காலேஜில் சம்பாதித்த பிரெஞ்சு, காகிதத்தில் அவருடைய அரபிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது. படிக்க: அகராதியோடு. எழுத: பரீட்சையில் எழுதியது. கேட்க, பேச: வெறும் கட்டம்.

"ஒரு தடவை ஆந்திராக்காரப் பையன் ஒருத்தன் ராத்திரி வயித்து வலியில துடிச்சான்" என்றார் அவர். "அவனுக்குத் தெலுங்கு மட்டுந்தான். எனக்குத் தெலுங்கு தெரியாது. அரைகுறை ஹிந்தியில கேட்டு, ஆஸ்பத்திரியில அரபியில சொன்னேன். எந்தப் பக்கம், எப்ப ஆரம்பிச்சது, வாந்தி எடுத்தானான்னு ஒண்ணொண்ணா. அன்னைக்கே ஆபரேஷன். பொழச்சிட்டான். வருஷா வருஷம் சங்கராந்திக்கு போன் பண்ணுவான்."

அவர் வரிக்கு எதிரே என்ன எழுதுவது என்று யோசித்துக் கொண்டிருந்தேன். அவர் கண் கீழே இருந்த என் வரிக்குப் போயிற்று.

"இதென்ன தம்பி, பிரெஞ்சா? வலி எங்கேன்னு அதுல சொல்ல வருமா உங்களுக்கு?"

தலைக்கு வார்த்தை வந்தது. வயிற்றுக்குக் கூட வந்து விட்டது. வலிக்கு என்ன வார்த்தை என்று நான் தேடிக் கொண்டிருக்கும்போதே தஞ்சாவூர் பஸ் வந்து விட்டது.