உம்மம்மாவின் பிரஷர் கொப்பி

கொட்டாஞ்சேனையில் எங்கள் உம்மம்மாவின் மேசை லாச்சியில் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் சனிக்கிழமை தோறும் நான் எழுதிவைத்த எண்கள்: 148/90, 136/82, 131/78. உயிரியல் பாடத்தில் குருதியமுக்கம் படித்தபோது அது எனக்குப் பரீட்சைக்கான ஓர் எண் மட்டுமே.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். கிளினிக்கில் குளிசை இல்லாத மாதங்களில் வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். விலையைக் கண்ட உம்மம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் போடத் தொடங்கினார். யாருக்கும் சொல்லவில்லை. தலையிடியோ மயக்கமோ வரவில்லை என்பதால், பாதி மருந்தே போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மருந்து திரும்பக் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2023இல் ஒரு சுபஹு நேரம், வுளூச் செய்யப் போனவரின் வலது கை சோர்ந்தது, வாய் கோணியது. ஸ்கேன் எடுத்தபோது மூளையின் இடப்பக்க ஆழத்தில் இரத்தம் கசிந்திருந்தது.

பாரிசவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. நாடி அடைபடுவது ஒன்று, அதுதான் அதிகம். நாடி வெடித்து இரத்தம் கசிவது மற்றது. மூளையின் ஆழத்துக்குப் போகும் மெல்லிய நாடிகள் பெரிய நாடியிலிருந்து நேரடியாகக் கிளைப்பவை. ஒழுங்கையில் உள்ள சின்னக் குழாயைப் பெரிய தெருக் குழாயில் அப்படியே பொருத்தியது போல, பெரிய நாடியின் அமுக்கம் அதிகம் குறையாமலே அவற்றைத் தாக்குகிறது. வருடக்கணக்கில் அடிபட்டுச் சுவர் நலிந்து ஒருநாள் விடுகிறது. கசிந்த இரத்தம் சில வாரங்களில் உடலாலேயே அகற்றப்பட்டுவிடும். ஆனால் அதே அடியை அத்தனை வருடம் வாங்கிய மற்ற நாடிகள் அங்கேயே இருக்கின்றன. கை திரும்ப வேலை செய்தாலும் அவை புதிதாகிவிடுவதில்லை. (அடைப்புக்குக் கொடுக்கும் அஸ்பிரினைக் கசிவு வந்தவருக்கு டொக்டரைக் கேளாமல் கொடுப்பது ஆபத்து. எங்கள் பக்கத்து வீட்டார் அன்போடு ஓர் அட்டை கொண்டுவந்தார்கள்!)

கசிவு வந்தவர்களுக்கு நீண்டகால இலக்கு 130/80 என்கிறார்கள். ஒரே மருந்தால் அங்கே இறங்குவது பலருக்குக் கடினம். இதற்கான விடையைத் தேடியவர்களில் நம் நாட்டவரும் உண்டு. இலங்கையின் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 நோயாளரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்று நாடியை இறுக்கும் ஓமோனைத் தடுக்கும்; ஒன்று நாடிச் சுவரின் தசையைத் தளர்த்தும்; மற்றது சிறுநீரகத்தின் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றும். ஆறு மாதத்தில் இக்குளிசை போட்டவர்களில் நூற்றுக்கு 70 பேர் தமக்குரிய இலக்கை அடைந்தார்கள். வழமையான சிகிச்சையில் 55 பேர். பின்னர் மூளைக்கசிவு வந்து தேறியவர்களிடமே இதைப் போன்ற குளிசையைப் பல நாடுகளில் சோதித்தார்கள்; இலங்கையும் அதில் ஒன்று. பங்குபற்றியோர் 1670 பேர். 2025இல் வந்த முடிவின்படி, மீண்டும் பாரிசவாதம் வந்தது நூற்றுக்கு ஏழிலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால் எந்தக் குளிசையும் வாய்க்குள் போனால்தானே.

2024 ரமழானில் நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைதான், உம்மம்மா ஏற்கவில்லை. நோன்பும் பிடித்து, குளிசையையும் நிறுத்திவிட்டார். நான் அளந்தபோது 172/100.

"எனக்கு இப்ப நல்லம் தானே மகள். இனி எனத்துக்கு இந்தக் குளிச?"

"குளிச போட்டதாலதான் உம்மம்மா நல்லமா இருந்தீங்க" என்றேன். கோபித்துக்கொண்டார். சாச்சி வந்து பேசிய பிறகுதான் மறுபடி போட்டார். அடுத்த வருடம் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, காலைக் குளிசையை இஃப்தாருக்குப் பின்னர் மாற்றி, அனுமதியோடு நோன்பு பிடித்தார். எல்லா மருந்தையும் இப்படி மாற்ற முடியாது. ஆகவே, தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக நோன்புக்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

அளப்பதிலும் பிழை விடுகிறோம். படியேறி வந்ததும் அளந்தால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்து, பாதம் நிலத்தில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். அதற்கு அரை மணித்தியாலம் முன் தேநீரும் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொருமுறை. பேசாமல் இருப்பதுதான் உம்மம்மாவுக்கு முடியாத காரியம்! உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, அதாவது 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு குறைந்தது, அச்சாறு இன்னும் ஒளித்துவைக்கப்படுகிறது.

கொப்பியின் முன் அட்டையில் 1990 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். சுவசெரிய அம்பியூலன்ஸ்; காசு இல்லை. முகம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், இதுவரை காணாத கடுமையான தலையிடி திடீரென வந்தால், யாரையும் காத்திராமல் அந்த எண்ணை அழுத்தும்படி வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்கும் காட்டிவைத்தேன்.