பெயர்ச்சீட்டும் அச்சுக்கோப்பும்

அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் தேயிலைப் பொதியின் மேல், தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் பொறிக்கப்பட்டிருக்கும். பொதியைத் திறவாமலே உள்ளிருப்பதை அறியலாம். கணினிக் கோப்பிலுள்ள செய்திகளுக்கும் இவ்வாறு பெயர்ச்சீட்டு இடும் முறையே எக்ஸ்எம்எல் எனப்படுவது. இது 1998ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

பாடசாலை மாணவர் இடாப்பு ஒன்றைக் கருதுவோம். மாணவன் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் என்பன வெறும் வரிசையாக இருப்பின், ஒன்று விடுபட்டதும் அடுத்தது அவ்விடத்துக்கு ஏறிவிடும். தந்தையின் பெயர் மகனுக்கு உரியதாகிவிடும். எக்ஸ்எம்எல் கோப்பிலோ ஒவ்வொன்றின் முன்னும் தொடக்கக் குறியும் பின்னும் முடிவுக் குறியும் நிற்கும். அக்குறிகளையும் தமிழெழுத்திலேயே இடலாம்.

இதனைப் படித்து அச்சிடுவது எவ்வாறு? டொனால்டு குனுத் என்னும் அமெரிக்க அறிஞர் 1978இல் வெளியிட்ட அச்சுக்கோப்பு நிரல் டெக். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் 1993இல் பிறந்த சிறு நிரல்மொழி லூவா. டெக்கினுள் லூவாவைப் பொதித்து உருவாக்கியதே லூவாடெக். பொறியைக் கழற்றாமலே, அன்றைய கொழுந்துக்கு ஏற்ப அதன் அழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றும் டீமேக்கரின் பணியை, இங்கு லூவா செய்கிறது.

லூவாவில் எழுதிய வாசிப்பு நிரல் கோப்பினை ஒரு மரமாகக் கொள்ளும். இடாப்பு அதன் அடிமரம், மாணவர் கிளைகள், பெயர்கள் இலைகள். ஒவ்வொரு கிளையிலும் வேண்டிய இலையை மட்டும் எடுத்து அச்சுக்கோப்புக்கு அளிக்கும். தந்தை பெயர் இல்லையேல், அவ்விடம் வெறுமையாகவே நிற்கும். மரமாகக் கொள்ளாது, எழுத்துகளை மட்டும் தேடிப் பிடிக்கும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் ஒரு வரி மடங்கினாலும் அது தடுமாறும். முடிவுக் குறி ஒன்று தவறினால், ஊகித்து நிரப்பாது பிழையென அறிவித்தலே எக்ஸ்எம்எல் விதி.

மலையகத்தில் இது சிறு செய்தியன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறிய பெயரும் இருந்தால், தொழிலாளி ஒரு நாள் வேதனத்தை இழந்து அலுவலகம் ஏற வேண்டும். முதலில் பிழையாக எழுதிய பெயரை எந்த நிரலும் திருத்தித் தராது. செவ்வையாக எழுதிய பெயர் இடம் மாறாமல் அச்சேறுவதை மட்டுமே அது காக்கும். ஆகவே, எழுதும் கை முதலில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.