காட்டில் கூடாரம் போடலாமா? கட்டுரைக்கு ஒரு விளக்கம்



போன வாரம் என் ஐந்தாம் படிவ மாணவர்கள் நால்வர் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். "டீச்சர், எஸ்.பி.எம். முடிஞ்சதும் பாப்பான் பக்கம் காட்டுக்குள்ள, ஆத்தோரமா ரெண்டு நாள் கேம்ப். காடு அரசாங்கத்தோடதுதானே? காசு கட்ட வேண்டாம்."

சுற்றுச்சூழல், பொழுதுபோக்கு, சட்டத்தை மதித்தல் என்று கட்டுரைத் தலைப்பு எதுவாக வந்தாலும் இந்தக் கேள்வி உதவும். அதனால் விரிவாகப் பார்ப்போம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? காணொளிகளிலிருந்துதான். அமெரிக்காவின் தேசியக் காடுகள் பலவற்றில், ஒதுக்கப்பட்ட முகாம் தளத்துக்கு வெளியேயும் கட்டணமின்றிக் கூடாரம் போடலாம். பெரும்பாலும் 14 நாள் வரம்பு உண்டு. குப்பையைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். சுவீடனில் இயற்கைவெளியில் ஓரிரு இரவு தங்குவது மக்களின் பழைய வழக்குரிமை.

நம் நாட்டில் நிலை வேறு. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே பேராக் காடுகளைக் கவனிப்பது பேராக் மாநில வனத்துறை. 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, மூடப்பட்ட காடாக அறிவிக்கப்பட்ட இடத்துக்குள் பெர்மிட் இல்லாமல் நுழைவதே குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மலையேறப் போனோம், தெரியாமல் போனோம் என்று சொன்னால் எடுபடாது.

அப்படியென்றால் முகாமே போட முடியாதா? முடியும். ஹுத்தான் லிப்பூர், தாமான் எக்கோ ரிம்பா என்ற பெயர்ப்பலகை உள்ள இடங்கள் மக்களின் பொழுதுபோக்குக்காக ஒதுக்கப்பட்டவை. அங்கேயும் இரவு தங்கலாமா என்று மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது வெறும் காகித விஷயம் இல்லை. 2022 டிசம்பர் 16, பள்ளி விடுமுறைக் காலம். பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின்மேல் அதிகாலையில் மலைச்சரிவு விழுந்தது. 31 பேர் உறக்கத்திலிருந்து எழவே இல்லை. அது தனியார் இடம். ஆனால் முகாம் நடத்த அங்கே உரிமம் பெறப்படவில்லை. உரிமம் கேட்டால்தான் சரிவு பாதுகாப்பானதா என்று ஒருவர் பார்க்க வாய்ப்புண்டு. பெர்மிட்டும் அப்படித்தான்: யார் உள்ளே இருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரியும்.

ஆற்றோரம் இன்னொரு ஆபத்து, 'கெப்பாலா ஆயேர்' எனும் திடீர் வெள்ளம். நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பொருளை எடுக்க நிற்காதீர்கள். உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

கட்டுரை எழுதும்போது இதைக் கவனியுங்கள். 'காடு பொதுச்சொத்து' என்று எழுதலாம்; 'எனவே யாரும் எங்கும் தங்கலாம்' என்று முடிக்கக் கூடாது. பொதுச்சொத்து என்பதால்தான் அதற்கு விதி இருக்கிறது. நூலகமும் பொதுச்சொத்துதான், இரவில் பூட்டைத் திறந்து நாம் உள்ளே போவதில்லையே!

'முகாம்', 'கூடாரம்' இரண்டையும் குழப்பாதீர்கள். கூடாரம் என்பது துணிக்கொட்டகை. முகாம் என்பது தங்கும் இடமும் ஏற்பாடும். கூடாரம் அடிக்கிறோம், முகாமிடுகிறோம்.

அந்த நால்வரும் இப்போது வனத்துறைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மலாயில் அனுப்ப வேண்டியதை முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். அலுவல் கடிதப் பயிற்சியும் ஆயிற்று. உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள்.