களம் தந்தால் போதுமா?

மலர்க்கரம் என்றார்கள். மெல்லியல் என்றார்கள். கொடியிடை என்றார்கள். பாடியவர்கள் ஆடவர்கள், பாடப்பட்டவளை ஒருவரும் கேட்கவில்லை! அந்த மலர்க்கரம் நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோரம் அணைத்து, ஏழடி வட்டத்துக்குள் நின்று, அறுபதடிக்கு அப்பால் வீசிக் காட்டியது. அப்போதும் அவர்கள் பாட்டை மாற்றவில்லை.

1896-இல் ஏதென்சில் புது ஒலிம்பிக் தொடங்கியபோது, பெண்ணுக்கு அங்கே இடமில்லை. ஒலிம்பிக்கை உயிர்ப்பித்த கூபெர்த்தேன் பெருமகனாரே பெண்கள் பந்தயத்தை விரும்பாதவர். பிரான்சின் அலீஸ் மிலியா அம்மையார் பொறுக்கவில்லை. 1922-இல் பாரீசில் பெண்களுக்கெனத் தனிப் பந்தயமே நடத்திக் காட்டினார். அதன் பிறகே 1928-இல் தட்டெறிதலுக்குக் கதவு திறந்தது. குண்டெறிதலுக்கோ 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டுப் பெற்ற களம் அது. யாரும் இரக்கப்பட்டு ஈந்ததல்ல!

அந்தக் களத்தில் நின்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். கானி பிரைஸ்-சுமித், அமெரிக்க நாட்டு வீராங்கனை. 1962-இல் பிறந்தவர். தெற்கு இலினாய் பல்கலைக் கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர், பிறகு குண்டும் தட்டும் எறியப் பழகினார். நாட்டின் வாகையர் பட்டங்கள் இருபத்தைந்து அவர் பெயரில் உள்ளன. சியோல், பார்சிலோனா, அட்லாண்டா, சிட்னி என நான்கு ஒலிம்பிக்குகளுக்குச் சென்றார். 1995-இல் உலக உள்ளரங்கப் போட்டியில் வெள்ளி வென்றார். 1996-இல் அட்லாண்டாவில் ஐந்தாம் இடம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கைக்கு எட்டவில்லை.

எறிந்தார், ஓய்ந்தார் என்று கதை முடிந்திருந்தால் நாம் எழுதுகோலை எடுத்திருக்கமாட்டோம். குண்டைக் கீழே வைத்த கை, பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றது. தாம் படித்த பல்கலைக் கழகத்திலேயே பயிற்சி தந்தார். 2015-இல் மிசிசிப்பிப் பல்கலைக் கழகம் தலைமைப் பயிற்சியாளராக அவரை அழைத்தது. பெண்கள் அணிக்கு மட்டுமா? ஆண்கள் அணிக்கும் அவரே தலைவர்!

மிசிசிப்பி என்றதும் நமக்கு வேறொரு நினைவும் வருகிறது. பிரைஸ்-சுமித் பிறந்த அதே 1962-இல், ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு இளைஞர் படிக்க வேண்டும் என்று அந்தப் பல்கலைக் கழகத்தின் வாயிலில் வந்து நின்றார். மாநில ஆளுநரே குறுக்கே நின்று மறித்தார். செப்டம்பர் 30 இரவு கலவரம் மூண்டது. இரண்டு உயிர்கள் போயின. படை வந்தது, மறுநாள்தான் அவர் மாணவராகப் பதிவு பெற முடிந்தது. ஒருவன் படிக்கப் பட்டாளம் வேண்டியிருந்தது!

அதே வளாகத்துக்கு, பிரைஸ்-சுமித்தைத் தொடர்ந்து, தெற்கு இலினாயிலிருந்து வந்து சேர்ந்தார் கறுப்பினத்தவரான ரேவன் சாண்டர்ஸ். 2016-இல் குண்டெறிதலில் கல்லூரிகளின் வாகையர் பட்டம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று, மேடையில் இரு கைகளையும் குறுக்காக உயர்த்திக் காட்டினார். ஒடுக்கப்பட்டோர் அனைவரும் சந்திக்கும் இடம் அது என்று விளக்கமும் சொன்னார். மூடிய வாயில் திறந்தால் யார் யார் உள்ளே வருவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தடகள அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் பிரைஸ்-சுமித். அங்கேதான் மிச்சல் கார்ட்டர் கடைசி வீச்சில் 20.63 மீட்டர் எறிந்து பொன் வென்றார். குண்டெறிதலில் அமெரிக்கப் பெண் ஒருத்தி பெற்ற முதல் ஒலிம்பிக் பொன் அதுவே. கார்ட்டரைப் பழக்கியவர் அவருடைய தந்தை. அந்தப் பெருமை தந்தைக்கே. ஆனால், நான்கு முறை முயன்றும் தமக்குக் கிட்டாத பதக்கம் தம் அணிக்கு வந்ததைத் தலைவராக நின்று கண்டாரே, அந்தப் பேறு பிரைஸ்-சுமித்துக்கு.

இனி, நம்மை உறுத்தும் செய்திக்கு வருவோம். 1972-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. அரசுப் பணம் பெறும் கல்விக் கூடத்தில் பெண் என்பதற்காக எவரையும் ஒதுக்கக் கூடாது என்றது சட்டம். நல்ல சட்டம். பெண்கள் அணிகள் பெருகின, களங்கள் பெருகின, பணமும் வந்தது. சட்டம் வருமுன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். 2014-இல் எத்தனை தெரியுமா? நூற்றுக்கு ஏறத்தாழ 43! சம்பளம் இல்லாதவரை அது பெண்ணின் பணி; சம்பளம் வந்ததும் ஆணின் பதவி. ஓடுவது பெண், ஓடு என்று கட்டளையிடுவது ஆண். வியர்வை இவளுடையது, அதிகாரம் அவனுடையது. பெண்கள் அணியிலேயே நிலைமை இது என்றால், ஆண்கள் அணிக்குத் தலைமை தாங்கும் பெண்கள் எத்தனை பேர் இருப்பர்? எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்குப் புரியாததல்ல. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. பள்ளி ஆசிரியர் வேலையும் பெண்களுக்குத் தரப்பட வேண்டும் என்றது. ஏன்? படிக்க இடம் கிடைத்தால் பாதி உரிமை. கற்றுக்கொடுக்கும் இடம் கிடைத்தால்தான் மீதி. வகுப்பறைக்குச் சொன்னது விளையாட்டுக் களத்துக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: களத்தைத் தந்துவிட்டோம் என்று கைகழுவலாமா? பந்தயத்தில் ஓடும் பெண்ணுக்கு மாலை போடுவது எளிது. மாலை வாடும், கூட்டம் கலையும். அவளையே பயிற்சியாளராக அமர்த்துங்கள், தேர்வுக் குழுவில் உட்கார வையுங்கள், ஆண்கள் அணியையும் நம்பி ஒப்படையுங்கள். முடியுமா என்று ஐயுறுவோர், 2015-இல் மிசிசிப்பி செய்ததைப் பார்க்கட்டும். ஒரு மாணவனை உள்ளே விடப் படை தேவைப்பட்ட இடமே, ஒரு பெண்ணிடம் இரண்டு அணிகளை ஒப்படைத்தது. அந்த ஊருக்கே முடிந்தது மற்ற ஊர்களுக்கு முடியாதா?