அருவிக்கு ஒரு நடைப்பயணம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலைச்சாலையில் ஏறிச் செல்வோர் டம்டம் பாறை என்னுமிடத்தில் வண்டியை நிறுத்துவர். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில், கரும்பாறைச் சுவரின்மேல் வெள்ளை நூலொன்று தொங்குவதுபோல் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்பது அதன் மற்றொரு பெயர். உயரம் 297 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயரமான அருவி இதுவே. நின்று பார்ப்பவருக்கு அது மிக அருகில் இருப்பதாகத் தோன்றும். ஆனால், அருவியின் அடிக்கோ தலைக்கோ செல்லச் சாலை கிடையாது. இடையில் இருப்பவை காடும் செங்குத்துச் சரிவுகளும் ஓடைகளுமே. கண் ஒரு நொடியில் கடந்துவிடும் தொலைவைக் கால்கள் கடக்க ஒரு பகற்பொழுது வேண்டும்.

இத்தகைய அருவிகளைத் தேடிச் செல்லும் ஆவல் இளைஞரிடையே பெருகியுள்ளது. நல்ல ஆவல்தான். ஆயினும், அருவியை எப்படி அடைவது என்று திட்டமிடுவோர் பலர்; எப்போது திரும்புவது என்று திட்டமிடுவோர் சிலர். மலைநடைத் திட்டம் என்பது உண்மையில் திரும்பி வருவதற்கான திட்டமே.

மலைவழி கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. பத்தாம் வகுப்பில் நீங்கள் மலைபடுகடாத்தின் ஒரு பகுதியைப் பயின்றிருப்பீர்கள். நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் அந்நூல், வழியின் அழகை மட்டும் சொல்லி நிற்பதில்லை. பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் பள்ளங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என ஒவ்வோர் இடரையும் எடுத்துரைக்கிறது. வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் அறியும்படி புல்லை முடிந்து வைக்குமாறும் கூறுகிறது. அவ்வழியில் நடந்து பழகியவர் மட்டுமே கூறக்கூடிய அறிவுரைகள் இவை. இன்றும் நமக்கு முதலில் வேண்டியது அத்தகைய ஒருவரின் துணையே. திறன்பேசியிலுள்ள நிலப்படம் பாதையைக் காட்டும். நேற்றிரவு அப்பாதையில் யானை நின்றதைக் காட்டாது.

அடுத்தது காலக்கணக்கு. 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் ஓர் எளிய விதியை வகுத்தார். சமதளத் தொலைவுக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனுடன், ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது ஏறத்தாழ அவ்விதியாகும். அருவி 8 கிலோமீட்டர் தொலைவிலும் 600 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். தொலைவுக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்திற்கு 1 மணி; ஆக 2 மணி 36 நிமிடம். இது நல்ல பாதையில் இளைப்பாறாது நடக்கும் வலியவருக்கான கணக்கு. முட்புதரும் உருளும் கற்களும் நிறைந்த நம் காட்டுவழியில், பலர் சேர்ந்து நடக்கும்போது, ஒன்றரை மடங்காகக் கொள்வதே தகும். அதாவது 4 மணி நேரம். இறக்கம்தானே, விரைந்து வந்துவிடலாம் என்று எண்ணுதல் பிழை. களைத்த முழங்கால்கள் இறக்கத்தில்தான் தடுமாறும். ஆகவே, திரும்புவதற்கும் 4 மணி நேரமே.

இனி இக்கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். மரச்செறிவுக்குள் மாலை ஐந்தரை மணிக்கே இருள் கவியத் தொடங்கும். எனவே 5 மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்குப் பகல் 1 மணிக்கேனும் திரும்பியாக வேண்டும். காலை 7 மணிக்குப் புறப்பட்டவர் 11 மணிக்கு அருவியை அடைந்து இரண்டு மணி நேரம் அங்கே இருக்கலாம். 10 மணிக்குப் புறப்பட்டவர், அருவியின் ஓசை காதில் விழுந்தாலும், அடுத்த திருப்பத்தில்தான் அருவி என்று நண்பர்கள் கெஞ்சினாலும், 1 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். அன்றைய நாளின் மிகக் கடினமான சொல் ‘திரும்புவோம்’ என்பதே என்பார். அச்சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுதல் நன்று.

எந்தப் பருவத்தில் செல்வது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் அருவி நிறைந்திருக்கும். வழி வழுக்கும், ஓடைகள் பெருகும். கோடையில் வழி உலர்ந்திருக்கும். காய்ந்த புல் தீக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, நடைப்பயணம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ சமதளத்தைவிட மலைச்சரிவில் மேல்நோக்கி விரைந்து பரவும். அவ்விரைவுக்கு ஈடாக மனிதரால் மேலேறி ஓட முடியாது. எனவே, கிழக்குச் சரிவின் அருவிகளுக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் இன்னும் காயாத சனவரித் திங்களே ஏற்றது என்பேன்.

நீரின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பள்ளி மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அவர் உயிருடன் மீளவில்லை. அது மக்கள் திரளும் அருவி. சாலையும் அருகிலேயே உள்ளது. அங்கேயே அந்நிலை என்றால், ஆளரவமற்ற காட்டருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே மலைமுகட்டில் பெய்த மழை ஓடைவழியே வந்து சேரும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், அருவியின் ஓசை கனத்தல் ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நில்லாமல் கரையேற வேண்டும். ஓடையைக் கடந்து வந்திருந்தால், நீர் வடியும்வரை அக்கரையிலேயே காத்திருக்க வேண்டும். அருவியின் தலைப்பகுதி அடிப்பகுதியைவிடக் கொடியது. பாசி படர்ந்த பாறை விளிம்பில் நின்று படம் எடுப்பதை என்னால் வீரம் என்று ஏற்க முடியவில்லை.

காப்புக்காட்டிற்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் குற்றம். குரங்கணி நிகழ்வுக்குப்பின் 2018இலேயே மலைநடைக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் 40 வழித்தடங்களில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லலாம். இசைவுச்சீட்டை வெறும் கட்டண ரசீதாகக் கருதுவோர் உளர். நீங்கள் காட்டுக்குள் இருக்கிறீர்கள் என்பதை வெளியில் ஒருவர் அறிந்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை மிகுதியில்லை: குடிநீர், உணவு, கைவிளக்கு, ஊதல், முதலுதவிப் பொருள்கள், அட்டைக்கடிக்குச் சிறிது உப்பு. குரல் தேய்ந்த பின்னும் ஊதல் ஒலிக்கும்.

இவற்றுடன், வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய தாள் ஒன்று உண்டு. செல்லும் வழி, உடன் வருவோர் பெயர்கள், வழிகாட்டியின் தொலைபேசி எண், திரும்பும் நேரம், எந்நேரம்வரை செய்தி வராவிடில் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பன அதில் இருக்கட்டும். மலையிலிருந்து இறங்கித் தொலைபேசி இணைப்புக் கிடைத்தவுடன், எடுத்த படங்களை நண்பர்களுக்கு அனுப்புவதற்கு முன், அத்தாளை வைத்திருப்பவரை அழைத்து வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.