பூத்தும் காய்க்காத பம்பளிமாஸ்

கூத்தாநல்லூரின் பழைய வீடுகளுக்குக் கொல்லை உண்டு. கொல்லையில் தென்னை, மா, முருங்கை ஆகியவற்றுக்கிடையே எங்கேனும் ஒரு பம்பளிமாஸ் மரமும் தனித்து நிற்கக் காண்கிறோம். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைத் தம் வசம் வைத்திருந்த ஒல்லாந்தரின் மொழிச் சொல்லே அப்பெயராகத் திரிந்தது. மலேயா சென்று திரும்பிய பெரியவர்கள் பேராக் மாநிலத்துத் தம்பூன் பழத்தின் சுவையையும் அறிவர். இம்மரம் சில இடங்களில் கொத்துக்கொத்தாகப் பூத்தும் காய் பிடிப்பதில்லை. ‘மலட்டு மரம்’ என்று கூறிக் கோடரியைத் தேடுகின்றோம். தீர்ப்புக்கு முன் மரத்தின் தரப்பையும் கேட்டல் முறையன்றோ!

நீர்க்குறை, உரக்குறை, பூச்சி எனக் காரணங்கள் பலவாகலாம். எனினும், தனிமரத்திற்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அது நோயன்று, மரபில் அமைந்த ஏற்பாடு.

சூல்முடியில் விழும் மகரந்தத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முளைத்து, சூல்தண்டின் வழியே இறங்கிச் சூலை அடைதல் வேண்டும். பம்பளிமாஸின் சூல்தண்டிலோ ‘எஸ்-ஆர்.என்.ஏஸ்’ என்னும் நொதி இருக்கிறது. அது குழாயினுள் புகுந்து ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளர்ச்சியை நிறுத்தும் நஞ்சு. மகரந்தம் பிற வகை நஞ்சுகளை முறிக்கும் புரதங்களைக் கொண்டு வருகிறது. தன் வகை நஞ்சுக்குரிய முறிவு மட்டும் அதனிடம் இல்லை. ஆதலின் அயல் மரத்து மகரந்தம் கடந்து செல்ல, சொந்த மகரந்தம் நடுவழியில் நின்றுவிடுகிறது. பம்பளிமாஸில் இந்நொதியின் ஒன்பது வகைகளைச் சீன ஆய்வாளர் கண்டு 2020இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வெளியிட்டனர்.

அவ்வாய்வின் சுவையான பகுதி கமலா ஆரஞ்சைப் பற்றியது. அவ்வினத்தில் என்றோ இந்நொதிக்குரிய மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறிற்று, நொதி செயலிழந்தது, காவலும் நீங்கிற்று. பழுதுற்ற அம்மரபணு ஒரு படி இருந்தாலே தன் மகரந்தத்தால் காய்க்க இயலும். ஆகவே பம்பளிமாஸும் கமலா இனமும் கலந்து பிறந்த சாத்துக்குடி முதலியவற்றிலும் அப்பண்பு பரவிற்று. ஒரு பிழையே வரமாயிற்று எனலாம்.

இனி நம் கொல்லைக்கு வருவோம். காய்க்காத மரத்திற்குத் துணை நட விரும்புவோர் அதே மரத்தில் விண்பதியம் போட்டு வைத்தால் பயனில்லை. பதியம் துணையன்று, அதே மரம். ஒரே மரத்தின் பதியங்களாக ஒரு தோப்பையே வைத்தாலும் நிலை இதுவே. விதையிலிருந்து எழுந்த கன்று வேண்டும். பம்பளிமாஸ் விதையில் ஒரு கருவே இருப்பதால் கன்று தாயின் நகலாவதில்லை. தந்தை வழியே வேறு வகை நொதி மரபணு ஒன்றையும் பெற்றிருக்கும். அதன் மகரந்தத்தில் ஏறத்தாழப் பாதியேனும் தாய்மரத்திற்குப் பொருந்தும். மகரந்தமின்றியே விதையில்லாக் காய் பிடிக்கும் பம்பளிமாஸ் வகைகளும் உள. அவற்றிற்கு இக்கவலை இல்லை.

கன்று வளர்ந்து பூக்கும்வரை பொறுக்க இயலாதோர், அடுத்த தெருவில் வேறொரு மரம் பூத்திருப்பின், பூக்களைக் கேட்டு வாங்கி வந்து மகரந்தத்தைச் சூல்முடியில் தடவிப் பார்க்கலாம். சீனத்தின் குவாங்சிப் பகுதியில் ஷாத்தியன் வகை வளர்ப்போர், புளிப்பு வகை மரத்தின் மகரந்தத்தை இவ்வாறு கையால் இட்டே விளைச்சல் காண்கின்றனர்.